‘இருக்கலாம்’ என்பதை விட்டுவிட்டுப் போனவன்

மக்கா, நீ நன்றாக இருக்கிறாய் என்பது நேற்றுப் பேசும்போதே உன் குரலில் தெரிந்தது. அதனால் சுகம் விசாரித்துத் தாளை நிரப்பவில்லை. எனக்கும் கல்யாணத்தன்று காலூன்றி நிற்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது, அது போதும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் இத்தனை தாள் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் “சரிம்மா, விடும்மா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். தாளிடம் நீ அப்படிச் சொல்ல முடியாது. சென்னைக்குத் திரும்புகிற உன் கூட்டாளியிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. வழியில் யார் பிரித்து வாசித்தாலும் வாசிக்கட்டும். உன் மாமனார் வீட்டார் வாசித்தால் இன்னும் நல்லது.

நீ கேட்டது இதுதான். பெண் வீட்டு வாசுதேவநல்லூர்க்காரர்கள் மண்டப வாசலில் சம்பந்தி மாலை போடுவார்கள், மாப்பிள்ளையின் அப்பா நின்று அதைக் கழுத்தில் வாங்க வேண்டும், அப்பா இல்லாததால் சித்தப்பா நிற்கட்டும், நான் பழசை மறந்துவிட்டுப் போய் அவரை அழைக்க வேண்டும். அவரும் வரத் தயாராக இருக்கிறார், பட்டு வேட்டிகூட எடுத்துவிட்டார் என்றாய். “அப்பாவோட கூடப் பிறந்தவரும்மா. அவரு பயத்துலதான் அப்படி நடந்துக்கிட்டாரு” என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அவனை அவன் என்று எழுதுவதைப் பார்த்து முகம் சுளிக்காதே. அவன் என்னை வாய் நிறைய மதினி என்று கூப்பிட்ட காலத்தில் நானும் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நீ மனசு உடைந்து போவாய் என்று நான்தான் மறைத்து வைத்திருந்தேன். நீ அவனுக்காக மன்னிப்புக் கேட்டு வந்த பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை.

முதலில் உன் அப்பாவின் நோயிலிருந்து தொடங்குகிறேன், கல்யாணம் ஆகப் போகிறவன் நீ, இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டதை அவர் எனக்கே சொல்லவில்லை. பூ மார்க்கெட்டில் காலை மடக்கி உட்கார்ந்து விடிகாலையிலிருந்து மாலை கட்டுகிறவர் அவர். உட்கார்ந்தே இருப்பதால் சூடு, சூட்டினால் மூலம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். துத்திக்கீரையைத் தின்றார், மோரைக் குடித்தார். மார்க்கெட்டில் இருக்கிற ஆம்பளைகள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எல்லாருக்கும் மூலம் இருந்திருக்கிறது போல. உடம்பு பாதியாகி வேட்டி இடுப்பில் நிற்காத பிறகுதான் எனக்குத் தெரிந்து திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். பெருங்குடலில் புற்று என்றார்கள். குடலை வெட்டி எடுத்து, வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டி அனுப்பினார்கள். உனக்கு எப்போதாவது அப்படி ரத்தம் தெரிந்தால் வெட்கப்பட்டு விழுங்காதே. வரப்போகிற பெண்ணிடம் முதலில் சொல். பொண்டாட்டியிடம் சொல்ல முடியாத நோய் என்று ஒன்று கிடையாது.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். அவருக்குக் கையில் பிடித்துப் பேசத் தெம்பில்லாததால் நான் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். உன் சித்தப்பன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். நீ போனில் எதையோ படித்துவிட்டு வந்து சொன்னாய். “அப்பா, குடல் புத்துநோய்ல வைரஸுக்கும் பங்கு இருக்கலாம்னு பாக்காங்களாம். இன்னும் உறுதி இல்லையாம்.” உன் அப்பா சிரித்தார். “வைரஸு மூக்கு வழியாத்தானலே போவும். என் வயித்துக்கு எந்த பஸ் ஏறி வந்துச்சு?” என்றார். நீயும் சிரித்தாய். நான் உன் சித்தப்பனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. பாதி டீயோடு டம்ளரைத் தரையில் வைத்தான். வைத்த கையை வேட்டியில் துடைத்தான். கடையில் ஆள் இல்லை என்று சொல்லி எழுந்து போனான். நம் வீட்டு வாசலை அதற்குப் பிறகு அவன் மிதிக்கவே இல்லை.

உன் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. நீ முழுசாகத்தான் சொன்னாய். இருக்கலாம் என்றாய், உறுதி இல்லை என்றாய். அவன் அந்த இரண்டையும் டம்ளர் பக்கத்திலேயே வைத்துவிட்டு வைரஸை மட்டும் எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் மார்க்கெட் முழுக்க அதுதான் பேச்சு. கொரோனா ஓய்ந்து ரொம்ப நாள் ஆகாத நேரம். வைரஸ் என்றால் சின்னப் பிள்ளைகூட மூக்கைப் பொத்தும். அவர் படுத்த பிறகு கடையை நான்தானே பார்த்தேன். பூ வாங்கப் போனால், முன்பெல்லாம் தராசுத் தட்டோடு நீட்டிய பொம்பளைகள் பூப் பையைத் தரையில் வைத்துக் காலால் தள்ளினார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப். சம்பங்கி விற்கிறவள் ஒருத்தி, பனவடலிசத்திரத்துக்காரி, உனக்குத் தெரியும், என்னைப் பார்த்ததும், “நீ அங்கன நில்லு மதினி, பூ இங்கன இருந்தே வரும்” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். “துட்ட மட்டும் கையில வாங்குதியே, அதுல ஒட்டாதாட்டி?” என்று நானும் கேட்டேன். ஆனால் ஒவ்வொரு வாயையும் அடைத்துக்கொண்டிருந்தால் நான் எப்போது மாலை கட்டுவது? முகூர்த்த மாலை கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருத்தராக அடுத்த கடைக்குப் போனார்கள். அடுத்த கடை யாருடையது? உன் சித்தப்பனுடையது.

பயம் என்று நீ சொன்னாயே. பயந்தவன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். அவன் கொரோனாவில் படுத்துக் கிடந்தபோது கஞ்சித் தூக்கை வாசலில் வைத்துவிட்டு வா என்றுதான் நான் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. உள்ளே போய், இவனைத் தூக்கி உட்கார வைத்து, தன் கையால் குடிக்கவைத்துவிட்டு வந்தார். நிஜமாகவே ஒட்டுகிற வைரஸ் இருந்த வீட்டுக்குள் போனவர் அவர். ஒட்டாத நோய்க்காரர் வீட்டு டீயைக் கீழே வைத்தவன் இவன்.

ஊர் பேசுவது பொய் என்று எனக்கு மனசில் தெரிந்தது, வாயில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை ஊசி மருந்து ஏற்றப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். கூட்டமான நேரத்திலும் அவர் உட்காரவைத்துச் சொன்னார். சில புற்றுநோய்களுக்கு வைரஸ் காரணம் என்பது உறுதியாகத் தெரியுமாம், ஈரலில், கர்ப்பப்பை வாயில் வருகிற மாதிரி. குடலில் வருவதற்கு அப்படி உறுதியாக எதுவும் இல்லையாம். நம் எல்லார் குடலிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்குமாம். அந்தக் கிருமிக்குள்ளேயே போய் உட்காருகிற வைரஸும் உண்டாம். நோய் உள்ளவர்களிடம் அதில் சிலது கூடுதலாகத் தெரிகிறது என்று பார்த்திருக்கிறார்களாம். அதனால்தான் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது கூடியதா என்பது இன்னும் விளங்கவில்லையாம். நான் புரியாமல் முழித்ததைப் பார்த்துவிட்டு, “தீப்பிடிச்ச வீட்டு முன்னால கூட்டம் நிக்கும்லம்மா. அந்தக் கூட்டம்தான் தீ வச்சுதுன்னு சொல்லிர முடியுமா? விசாரிக்கணும்ல? விசாரிச்சிட்டு இருக்காங்க” என்றார். டம்ளரில் ஒட்டுமா, துணியில் ஒட்டுமா என்றேன். பை மாற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது எப்போதும் செய்ய வேண்டியதுதான், மற்றபடி புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிடுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே உன் சித்தப்பன் கடைக்குப் போனேன். அவன் நார் கிழித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை வரி பிசகாமல் சொல்லத் தொடங்கினேன். ஒட்டாது என்பதுவரைதான் வந்தேன். அவன் கையை அசைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லுவார்கள், இல்லாவிட்டால் நர்சு எல்லாம் ஓடிப்போவார்கள் என்று சொல்லி, பக்கத்தில் நின்ற வாடிக்கைக்காரரைப் பார்த்துச் சிரித்தான். நான் சொல்ல வந்த இரண்டாவது விஷயம் என் வாயிலேயே நின்றுவிட்டது. அப்போது அதை வேண்டுமென்று நான் நிறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்குள் அவன் மகள் செல்விக்குக் கல்யாணம் வந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை, நீ வரவில்லை. பத்திரிகையை வாசல் கம்பியில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். உன் அப்பா அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, செல்விக்கு மாலை நாந்தான் கட்டணும். அது பெறந்தப்பமே சொன்னது” என்றார். அந்த ஊசி மருந்து ஏற்றிய பிறகு அவருக்குக் குளிர்ச்சியே ஆகாது. பச்சைத் தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் கரண்ட் அடித்த மாதிரி கையை உதறுவார். பூவோ ஈரச் சாக்கில் கிடப்பது. நான் பூவை வெளியே எடுத்துப் போட்டு, ஈரம் போகத் துணியில் ஒற்றிக் கொடுத்தேன். அப்படியும் ஊசி குத்துகிறது என்றார். நாரை இழுத்து முடிச்சுப் போடும்போது பல்லைக் கடிப்பார். நான் கட்டுகிறேன் என்று கேட்டதற்கு முறைத்தார். பொண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. சம்பங்கி வைத்து, நடுவில் சிவப்பு ரோஜா வைத்து, மரிக்கொழுந்து கொடுத்துக் கட்டினார். நடு நடுவே படுத்து எழுந்து கட்டினார். வயிற்றில் பை இருந்ததால் மடியில் வைக்க முடியாது. ஸ்டூலில் வைத்துக் கட்டினார். அவர் கையில் அதற்கு முன்னால் அப்படி ஒரு மாலை வந்து நான் பார்த்ததில்லை.

வாழை இலை விரித்த கூடையில் வைத்து நான்தான் மண்டபத்துக்குக் கொண்டு போனேன். வாசலிலேயே உன் சித்தப்பன் வந்துவிட்டான். “அங்கன வச்சிருங்க மதினி, ஆள் வந்து எடுத்துக்கிடும்” என்றான். வைத்தேன். தாலி கட்டுகிற நேரம் செல்வி கழுத்தில் பார்க்கிறேன், வேறு மாலை. புளியங்குடியிலிருந்து வந்ததாம். ஒருவேளை மாலை மாற்றும்போது போடுவார்கள் என்று காத்திருந்தேன். போடவில்லை. கை கழுவப் பின்பக்கம் போனேன். எச்சில் இலை கொட்டுகிற இடத்தில் கூடை கவிழ்ந்து கிடந்தது. ஒரு மாலையின் மேல் சாம்பார் வாளியைக் கழுவி ஊற்றியிருந்தார்கள். இன்னொன்றை மாடு தின்றுகொண்டிருந்தது, மக்கா. சம்பங்கியை அது ருசித்துத் தின்றதை நான் நின்று பார்த்தேன். பின்னால் வந்து நின்ற உன் சித்தப்பன், “தப்பா நெனைக்காதிய மதினி. சின்னஞ்சிறுசுக கழுத்துல போடுதது. வைரஸுன்னு தெரிஞ்ச பொறவும் எப்படிப் போடச் சொல்லுதிய?” என்றான். சத்தம் போட்டால் பொண்ணு அழும். சாப்பிடாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

உன் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார். “மாலை எப்படிட்டி இருந்துச்சு?” என்று கேட்டார். “செல்வி கழுத்துல அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. எல்லாரும் யாரு கட்டுனதுன்னு கேட்டாவ” என்றேன். அவர் ரொம்ப நேரம் விரலை ஊதிக்கொண்டே இருந்தார். அப்புறம் போட்டோ வந்ததும் பார்க்கலாம் என்றார். அதிலிருந்து போட்டோதான் பேச்சு. தம்பி ஆல்பம் கொண்டு வந்தானா என்பார். போனிலாவது அனுப்பச் சொல் என்பார். இன்னும் கழுவவில்லை என்பேன், ஸ்டுடியோக்காரன் ஊரில் இல்லை என்பேன். இந்தக் காலத்தில் யார் போட்டோ கழுவுகிறார்கள்? அவருக்கும் அது தெரியாமல் இல்லை. கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டாரா, இல்லை மறந்துவிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போட்டோவைப் பார்க்காமலே போய்விட்டார்.

அவர் போன அன்று நடந்ததை நீயே பார்த்தாய். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற நீர்மாலைக்குப் பங்காளிகள் எல்லாம் ஈர வேட்டியோடு நடந்தார்கள். கூடப் பிறந்தவன் எதிர்ச் சாரியில் ஒரு கடை நிழலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றான். தோள் கொடுக்கவும் வரவில்லை. நீர்மாலைக்கு வராதவனுக்குச் சம்பந்தி மாலையா? எந்த வாயால் என்னைக் கேட்டாய் என்று நேற்றே கேட்டிருப்பேன். உனக்குப் பாதிதானே தெரியும் என்று அடக்கிக்கொண்டேன்.

இப்போது டாக்டரம்மா சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். தொட்டால் ஒட்டாது, ஆனால் இந்த நோய் சில குடும்பத்தில் ரத்த வழியில் வரலாம், அதனால் பெற்ற பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்களும் ஒன்றும் இல்லாதபோதே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். உன்னைச் சண்டை போட்டு அனுப்பினேனே, அது இதற்குத்தான். உனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று சொன்னார்களோ அப்போது தவறாமல் போ, பொண்டாட்டியையும் கூட்டிப் போ. உன் சித்தப்பனுக்கு நான் சொல்லவில்லை. எச்சில் இலைமேல் மாலையைப் பார்த்த அன்று அதை விழுங்கினேன். அவன் ஒரு சொல்லை விட்டுவிட்டு மீதியைச் சொன்னான். நான் மீதியைச் சொல்லிவிட்டு ஒரு சொல்லை வைத்துக்கொண்டேன். தினமும் அவன் கடையைத் தாண்டித்தான் போகிறேன். அவன் இருமினால் பார்ப்பேன். வேட்டி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அண்ணன் கட்டிய மாலையிலிருந்து வந்துவிடும் என்று பயந்தானே, அண்ணனோடு ஒரே வயிற்றில் பிறந்ததில் வரலாம் என்று தெரியாமல் வியாபாரம் பார்க்கிறானே என்று நினைத்துக்கொண்டு போவேன். அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. இல்லை என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

ஆனால் அவன் யாருக்கும் தெரியாமல் படுத்துச் சாவது எனக்குப் போதாது. ஊர் பார்க்க வேண்டும். அதனால் நான் முடிவு பண்ணியதைச் சொல்கிறேன், உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. அவனை நானே போய்த் தாம்பூலம் வைத்து அழைக்கிறேன். பட்டு வேட்டி கட்டி வரட்டும். முன் வரிசையில் உட்காரட்டும். சம்பந்தி மாலைக்கு உன் அப்பா இடத்தில் நான் நிற்பேன். தாலி அறுத்தவள் மண்டப வாசலில் நிற்பதா என்று நாலு பேர் பேசுவார்கள். பேப்பர் கப்பில் டீ குடித்தவளுக்கு அது ஒரு பேச்சே இல்லை. உன் மாமியாரிடம் பேசிவிட்டேன். “நீங்களே நில்லுங்க சம்பந்தியம்மா, நானே மாலை போடுதேன்” என்றார். நல்ல இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறாய்.

அந்த மாலையை நான் கட்டுவேன். சம்பங்கி வைத்து, நடுவில் சிவப்பு ரோஜா வைத்து, மரிக்கொழுந்து கொடுத்து. உன் அப்பாவின் பையைக் கழுவிய இதே கையால் கட்டுவேன். கழுத்தில் வாங்கியதும் நேரே முன் வரிசைக்குப் போவேன். கழற்றி, எல்லார் முன்னாலும் அவனிடம் நீட்டுவேன். உங்கள் அண்ணன் வீட்டு மாலை, வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி என்று மரியாதையாகத்தான் சொல்லுவேன். அவன் வாங்கிக் கழுத்தில் போட்டால், செல்வி கல்யாணத்தில் அவன் சொன்னது பொய் என்று அவன் கழுத்தே ஊருக்குச் சொல்லும். போட்டுக்கொண்டவன் காதில் டாக்டரம்மா சொன்ன மீதியையும் அப்போதே சொல்லிவிடுவேன், போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், பிழைத்துக்கொள்ளட்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றானானால், அவன் யார் என்று உன் மாமனார் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும். அப்போது அந்தச் சொல் என் வாயிலிருந்து வராது. உனக்கு இப்போது தெரியும். நீ சொல்லுவதும் சொல்லாததும் உன் மனசு. சொல்லுவதாக இருந்தால் முழுசாகச் சொல். இருக்கலாம் என்பதை விட்டுவிடாதே.

நீ எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். போட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வை. நான் மாலையைக் கழற்றி நீட்டுகிறபோது பக்கத்தில் நிற்கச் சொல். அவன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மாலை முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல். அதைப் பெரிசாகப் போட்டு உன் அப்பா கட்டிலுக்கு எதிரே மாட்டப் போகிறேன். அவர் கேட்ட போட்டோ இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

அம்மா